காமா கதிருக்கு ஒரு கேமரா... எலெக்ட்ரான் காட்டிக்கொடுக்கும் திசை!

2010 ஏப்ரல். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சிலர் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். காரணம், டெல்லி பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவி. உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்பது அதைப் பிரித்தவர்களுக்குத் தெரியாது. ஒருவர் உயிரிழந்தார்.

இப்படிக் கைமாறிப்போகும் கதிரியக்கப் பொருளைத் தேடுவது லேசான வேலை அல்ல. சாதாரண மீட்டர், ‘இங்கே கதிர் இருக்கிறது’ என்று சொல்லும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லாது. போதாக்குறைக்கு, காமா கதிர் எங்கும் கொஞ்சம் இருக்கிறது. செஞ்சி பக்கம் பனமலைக்குப் போய் உட்கார்ந்தால், பாறையிலுள்ள பொட்டாசியமும் அதை அனுப்பிக்கொண்டிருக்கும். (பயம் வேண்டாம், இயற்கையான அளவுதான். ராஜசிம்மன் கட்டிய கோயிலைத் தாராளமாகப் பார்த்துவிட்டு வரலாம்!)

மொபைல் கேமராவில் பிடித்துவிட முடியாதா? லென்ஸுக்கு காமா கதிர் வளைந்துகொடுக்காது, துளைத்துப் போய்விடும். ஆனால், போகிற வழியில் ஓர் எலெக்ட்ரானை இடித்துத் தள்ளும், தானும் திசைமாறும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயை அடிப்பதுபோல. 1923-ல் ஆர்தர் காம்ப்டன் விளக்கியது இதைத்தான். மோதல் நடந்த இடங்களையும் ஆற்றலையும் குறைகடத்திச் சில்லு அளந்தால், கதிர் ஒரு வட்டத்தின் விளிம்பில் எங்கிருந்தோ வந்தது என்று கணக்கிடலாம்.

வட்டத்தில் எந்த இடம்? அங்கேதான் சிக்கல்.

2015-ல் ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட்டில் 16,384 பிக்சல்கள் கொண்ட காட்மியம் துத்தநாக டெல்லுரைடு கருவி இருக்கிறது. நண்டு நெபுலாவின் பல்சரை ஆராய்ந்து, 2017-ல் உலகம் கவனித்த முடிவைத் தந்தது இதே மோதல் கணக்குதான். ஆனால், அதன் பிக்சல் ஒன்று சுமார் 2.5 மில்லிமீட்டர். எலெக்ட்ரானின் ஓட்டம் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் எடுத்தது, சுமார் 10 மைக்ரான் பிக்சல் கொண்ட சிலிக்கான் சி.சி.டி. சில்லு. அதில் எலெக்ட்ரான் ஓடிய பாதை, மண்ணில் புழு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து பதிகிறது. தொடங்கிய முனை மங்கலாக, நின்ற முனை பளிச்சென்று தெரியும். வேகம் குறையக் குறைய எலெக்ட்ரான் அதிக ஆற்றலைக் கொட்டுவதே காரணம். மங்கலான முனையின் திசையைப் பிடித்தால், முழு வட்டம் சின்ன வில்லாகச் சுருங்கும். குறைந்த கதிர்களே போதும், பொருள் இருக்கும் பக்கம் தெரிந்துவிடும்.

இழுபறி வேகத்தில்தான். சி.சி.டி. தன் படத்தை வரிசை வரிசையாக மெதுவாகவே படிக்கும். கதிர் பலமாக இருந்தால், ஒரு தடத்தைப் படித்து முடிப்பதற்குள் அதன்மேல் இன்னொன்று விழுந்துவிடுகிறது.