மினி டிராக்டருக்கு எந்த ஆயில்? பெயரைப் பார்க்காதீர்கள், குறியீட்டைப் பாருங்கள்!

“ஹைட்ராலிக் ஆயில் ஒரு வாளி கொடுங்க” என்று கடையில் கேட்டால், கைக்கு எட்டிய வாளி ஒன்று வந்துவிடும். பொக்லைனுக்கு ஊற்றுவதும் ஹைட்ராலிக் ஆயில்தான். டிப்பர் லாரிக்கு ஊற்றுவதும் அதுதான். ஆனால், தென்னந்தோப்பிலும் திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் ஓடுகிற 15 முதல் 30 ஹெச்.பி. வரையிலான மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை கேட்பது வேறு ரகம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஊற்றினால், வாளியில் மிச்சம் பிடித்த பணம் ஒர்க்ஷாப்பில் பல மடங்காகக் கரைந்துவிடும்.

ஒரே ஆயில், நான்கு வேலை

மினி டிராக்டர்கள் பலவற்றில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட், ஆயிலில் மூழ்கிய பிரேக் தட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அறைதான். அங்கிருக்கும் ஆயிலைத்தான் பம்ப் உறிஞ்சி லிஃப்டைத் தூக்குகிறது. சிக்கலே இங்குதான் இருக்கிறது. கியர் பற்களுக்கு நசுங்காமல் தாங்கும் படலம் வேண்டும். பம்புக்கு, பனி விழும் காலையிலும் தடையின்றி ஓடுகிற இளக்கம் வேண்டும். பிரேக்குக்கோ அளவான உராய்வு வேண்டும். அதிகம் வழுக்கினால் வண்டி நிற்காது, குறைவாக வழுக்கினால் பிரேக் கீச்சிட்டு வெட்டிப் பிடிக்கும். இந்த மூன்றையும் சமாளிக்கும்படி சேர்மானங்கள் கலந்து செய்வதே யு.டி.டி.ஓ. எனப்படும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். கடைகளில் இதை ‘வெட் பிரேக் ஆயில்’ என்பார்கள்.

மாற்றி ஊற்றினால்?

வி.ஜி. 46, வி.ஜி. 68 என்று வருகிற சாதாரண ஹைட்ராலிக் ஆயில் லிஃப்டைத் தூக்கிவிடும். அதனால், ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று தோன்றும். அந்த எண்கள் 40 டிகிரி வெப்பத்தில் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே காட்டுகின்றன. கியருக்கும் பிரேக்குக்கும் தேவையான சேர்மானம் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தேய்மானம் உள்ளே மெதுவாக நடக்கும்.

90 நம்பர் கியர் ஆயில், பிரேக் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிராத பழைய டிராக்டர்கள் பலவற்றுக்குப் பொருந்தியது. அந்தப் பழக்கத்தில் மினி டிராக்டரிலும் ஊற்றினால், காலையில் பம்ப் அதை உறிஞ்சத் திணறும். லிஃப்ட் மந்தமாக எழும். ஜி.எல்.-5 ரகக் கியர் ஆயில்களில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் சில பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கவும் கூடும்.

திமிங்கிலம் சொல்லும் பாடம்

பெயரை நம்பி வாங்குவதன் ஆபத்துக்கு அமெரிக்கா நல்ல உதாரணம். ஜான் டியர் நிறுவனத்தின் ‘303’ என்ற டிராக்டர் ஆயிலில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய் சேர்மானமாக இருந்தது. 1970-களில் திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்களால் அந்த எண்ணெய் கிடைக்காமல் போக, நிறுவனம் புதிய தரக்குறியீடுகளுக்கு மாறியது. இப்போது புழக்கத்தில் இருப்பவை ஜே20சி, ஜே20டி. ஆனால், ‘303’ என்ற பெயரை மட்டும் ஒட்டி மலிவு ஆயில்களை வேறு பலர் விற்றுக்கொண்டே இருந்தார்கள். 2017-ல் மிசூரி மாநில வேளாண் துறை அவற்றைப் பரிசோதித்து, தரம் போதாது என்று கண்டு விற்பனைக்குத் தடை போட்டது. காலாவதியான அந்தக் குறியீடு அத்தனை ஆண்டுகள் வாளிகளில் உயிரோடு இருந்தது.

வாங்கும்போது

வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் அட்டவணை இருக்கும். அதிலுள்ள குறியீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குபோட்டாவுக்கு யு.டி.டி., ஜான் டியருக்கு ஜே20சி என நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு மாறும். வேறு பிராண்டு வாங்குவதில் தவறில்லை. கையேட்டில் உள்ள அதே குறியீடு வாளியின் லேபிளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘எல்லா டிராக்டருக்கும் ஏற்றது’ என்ற வாசகமும் ஆயிலின் நிறமும் தரத்துக்குச் சாட்சி அல்ல. கியருக்குப் பதில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே வண்டியை நகர்த்துவதே இந்த ஆயில்தான். பவர் ஸ்டீயரிங்குக்கும், நான்கு சக்கர இயக்க வண்டிகளின் முன் அச்சுக்கும் தனி ஆயில் இருக்கலாம். அதையும் அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

சேறும் டிரெய்லரும்

சரியான ஆயிலையும் கெடுப்பவை தண்ணீரும் தூசியும். சேற்றுழவில் தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகும். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. நுரை பொங்கினால், பம்ப் உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறதா, ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பலரும் கவனிக்காதது டிப்பிங் டிரெய்லர். பக்கத்துத் தோட்டத்து டிரெய்லரின் ஹோஸை மாட்டினால், அதன் சிலிண்டரில் இருக்கும் ஆயிலும் அழுக்கும் உங்கள் வண்டிக்குள் வந்துவிடும். கப்ளரைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அந்த டிரெய்லரை வழக்கமாக இழுக்கும் வண்டியில் என்ன ஆயில் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள்.

அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க, லிஃப்டை இறக்கி, இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். புது வண்டியில் கியர்கள் பழகும்போது இரும்புத் துகள் உதிரும் என்பதால், பல மாடல்களில் முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டரை மாற்றச் சொல்கிறார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ‘ஹைட்ராலிக் ஆயில்’ என்று கேட்காமல், கையேட்டில் உள்ள குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் அதே குறியீட்டை லேபிளில் காட்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.