லண்டனில் வேலை... லீவில் ஊருக்கு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு!

நாகர்கோவில்: இங்கிலாந்துக்கு நர்சு வேலைக்கு போனவர்கள் சிலருக்கு, லீவில் ஊருக்கு வந்து வெயிலில் நின்ற சில மணி நேரத்தில் கை, கழுத்தில் அரிப்பு கிளம்பும். "மீன் சேரலை" என்பார்கள் வீட்டில். மீன் பாவம், இது வெயில் அலர்ஜி.

இங்கேயே பொறந்து வளர்ந்தவருக்கு எப்படி? டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட கிடையாது. கோட்டுக்குள்ளேயே கிடந்த தோலுக்கு வெயில் பழக்கம் விட்டுப்போகுது. திடீரென புற ஊதாக்கதிர் பட்டதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி தோலிலேயே சண்டைக்கு கிளம்பி விடுகிறது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, குண்டூசி தலை மாதிரி பொரிப்பொரியாக இருக்கும்.

வெயிலை விட்டு ஒதுங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் தழும்பில்லாமல் மறையும். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு ஆயின்மெண்டை மாசக்கணக்கில் தடவினால் தோல்தான் மெலியும். மூட்டு வலி, காய்ச்சலோடு கன்னத்தில் தடிப்பு வந்தால் லூபஸ் நோயாகவும் இருக்கலாம். உடனே தோல் டாக்டரிடம் போய் ரத்த பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.