கரடி பொம்மைக்கு முதல் ஊசி!

செருப்பை வெளியே விடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆயிற்றா? வாருங்கள், நர்சிங் மாணவி ஒருத்தியின் பின்னாலேயே போய், பார்வையாளர் நேரத்தில் கண்ணில் படாத குழந்தைகள் வார்டைப் பார்த்துவிடலாம்!

பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. விளக்கேற்றி உறுதிமொழி எடுத்து, பெரியவர்கள் வார்டில் ஊசியும் கட்டும் கை பழகிய பிறகு, மூன்றாம் வருடத்தில் வருகிறது 'சைல்டு ஹெல்த்' போஸ்டிங். வந்ததுமே பழகிய அளவுகள் எல்லாம் தலைகீழ்! இதயம் நின்றுபோன பெரியவருக்கு நெஞ்சை அமுக்க உடம்பின் பலம் முழுக்க வேண்டும். ஸ்கில் லேபில் படுத்திருக்கும் பாப்பா பொம்மைக்கோ, மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அமுக்க வேண்டும். ஆழம் சுமார் 4 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

எத்தனை கிலோ?

பெயருக்கு அடுத்தபடியாக சிஸ்டர் கேட்பது எடையைத்தான். ஆறு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று டாக்டர் எழுதியிருந்தால் மொத்தம் 90 மி.கி. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி. இருந்தால், கொடுக்க வேண்டியது 3.6 மில்லி. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு! அதனால்தான் ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு சிஸ்டர்கள் தனித்தனியே கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போன பிறகே கொடுக்கிறார்கள்.

இதோ, மாணவிகள் துள்ளிக் குதிக்கும் ரகசியம்! நரம்பு வழியே திரவம் ஏற்றும் மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஒரு மணி நேரத்துக்கும் 60 நிமிடம். ஆக, மணிக்கு 20 மில்லி போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 20 சொட்டு. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்!

இன்னொன்று: நனைந்த டயாப்பரை எடை போடுகிறார்கள். காய்ந்த டயாப்பரின் எடையைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். குழந்தையின் உடம்பில் நீர் போதுமா என்று அது சொல்லிவிடும்.

தொடாமலே பரிசோதனை

அம்மா மடியில் குழந்தை அமைதியாக இருக்கும்போதே மூச்சை எண்ணிவிட வேண்டும். ஸ்டெத் வைத்தால் அழும், அழுதால் எண்ணிக்கை பொய்யாகும். சட்டையை மெல்லத் தூக்கச் சொல்லி, முழுசாக ஒரு நிமிடம் வயிற்றையே பார்க்கிறாள் நம் மாணவி. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் என்றால் 40. அதைத் தொட்டாலே வேக மூச்சு. நிமோனியாவோ என்று உடனே உஷாராக வேண்டும்.

விளையாட்டும் வைத்தியமும்

நரம்பு சுலபத்தில் கிடைக்காத குட்டிக் கை. நரம்பில் செருகும் மெல்லிய ஊசிக்குழாயான மஞ்சள் வென்ஃப்ளான் தயார். ஆனால் முதல் ஊசி கரடி பொம்மைக்கு! நோயாளிக் குழந்தையே டாக்டராகி அதற்குப் பிளாஸ்திரி ஒட்டுகிறது. என்ன நடக்கப்போகிறது என்பது குழந்தைக்கு இப்போது தெரியும். "வலிக்காது" என்று மட்டும் சொல்லவே கூடாது. ரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் வந்துபோகும் குழந்தையிடம் ஒரு பொய் சொன்னால், அடுத்த ஊசிக்கு அது நம்மை நம்பாது.

வலி எவ்வளவு? அதற்கு ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டை இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டோனா வோங் என்ற செவிலியரும் கோனி பேக்கரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. குழந்தைகளையே முகங்கள் வரையச் சொல்லி உருவாக்கினார்கள். மூன்று வயதுக் குழந்தைகூட விரலை வைத்துக் காட்டிவிடும்!

அழுவதற்கும் இடமுண்டு

எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை. மருந்து தோற்கும் இடத்திலும் செவிலியருக்கு வேலை இருக்கிறது. வலியை அடக்க வேண்டும், உலரும் உதட்டை நனைக்க வேண்டும், டியூப்களை ஒதுக்கிப் பிடித்துக் குழந்தையை அம்மா மடியில் கிடத்த வேண்டும். அன்று மாணவி அழுதால், சீனியர் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழவிடுவது பெரிய கொடை. அழுத கண்ணோடு தனியே அனுப்பிவிட்டால் இந்த வேலையில் யாரும் நிலைக்க முடியாது.

உங்களுக்கும் ஆசையா?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, 17 வயது நிறைந்திருந்தால் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு முயலலாம். தம்பிகளுக்கும் இடமுண்டு! முடித்து ஒரு வருட அனுபவம் சேர்ந்த பிறகு, குழந்தைகள் நலச் செவிலியத்தில் இரண்டு வருட எம்.எஸ்ஸி. படிக்கலாம். பச்சிளம் குழந்தைப் பராமரிப்புக்கு ஒரு வருட டிப்ளமோவும் இருக்கிறது.

தசமப் புள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும், தரையில் உட்கார்ந்து விளையாடவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆட்கள் இந்த வார்டுகளுக்கு இன்னும் நிறைய தேவை. விண்ணப்பத்தைப் போடுங்கள்!