வீட்டில் செய்யும் எஞ்சின் கணிப்பொறி

கோலார் தங்கவயலில் பாலகாட், ஊர்காம், சாம்பியன் ரீஃப் என்று சுரங்கங்களின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட குடியிருப்புகளில் பிறந்த நேயர்கள், சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கிய எஞ்சின் டிரைவரை மறந்திருக்கமாட்டார்கள். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. மணி எத்தனை முறை அடித்தது, ஆழங்காட்டும் முள் எங்கே நிற்கிறது என்னும் இரண்டைக் கொண்டே, ஆட்கள் நிறைந்த கூண்டை உரிய மட்டத்தில் அவர் நிறுத்துவார். மோட்டார் வண்டியின் எஞ்சினை நடத்தும் கணிப்பொறியின் வேலையும் அத்தகையதே. சிலிண்டருக்குள் நடப்பதை அது காண்பதில்லை; கம்பி வழியே வரும் குறிப்புகளைக் கொண்டு ஊகித்தறிகிறது.

இதனை ‘எஞ்சின் நிர்வாகம்’ என்று மொழிபெயர்க்கலாம். எனக்கென்னவோ அச்சொல்லைக் கேட்டதும் அலுவலகக் கோப்புகளே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இங்கே நிர்வகிக்க வேண்டியவை இரண்டுதான்: பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பழைய அம்பாசடர் வண்டியின் கார்புரேட்டர் இதைச் சிறு துளைகளின் அளவால் ஒருவாறு சமாளித்தது. கணிப்பொறியோ, இன்ஜெக்டர் என்னும் மின்வால்வைச் சில மில்லி விநாடிகளே திறந்து மூடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 25 முறை இத்தீர்மானம் செய்யப்படவேண்டும்.

தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ப்ரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர், எவரும் ஈயப்பற்று வைத்துத் தாமே கட்டிக்கொள்ளத்தக்க கணிப்பொறி ஒன்றை வெளியிட்டனர். ‘மெகாஸ்குவிர்ட்’ என்பது அதன் பெயர். பின்னர் ஆர்டுயினோ என்னும் மலிவான மின்பலகையைக் கொண்டும் இத்தகைய கருவிகள் தோன்றின. அப்பலகையும் உதிரிப் பொருள்களும் பெங்களூர் எஸ். பி. ரோடு கடைகளில் கிடைக்கின்றன. தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறி அந்நகரில் வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு அவை எட்டாப் பொருள்கள் அல்ல.

பலகையைக் கட்டுவது எளிது. வண்டியில் பொருத்துவதே கடினம். கிராங்க் தண்டின் முனையில் 36 பற்களுக்கு இடமுள்ள சக்கரம் ஒன்றைப் பூட்டி, அதில் ஒரு பல்லை மட்டும் இல்லாமல் விடுவர். அந்த இடைவெளி கடக்கும்போது, தண்டு எந்த நிலையில் உள்ளது என்பதைக் கணிப்பொறி அறிகிறது. காற்று உள்ளே செல்லும் குழாயின் அழுத்தம், குளிர்நீரின் வெப்பம், புகையிலுள்ள ஆக்ஸிஜன் இவற்றை அறிய வெவ்வேறு உணர்கருவிகள் வேண்டும். இவற்றின் எர்த் கம்பிகளை ஓரிடத்தில் சேர்க்காவிடில் தீப்பொறியின் மின்னலை புகுந்து பொய்க்குறிப்புத் தரும். பெட்ரோல் பம்பு ஏறத்தாழ மூன்று மடங்கு வளியழுத்தத்தில் இயங்குவதால் பழைய ரப்பர் குழாய்களை அறவே மாற்றிவிடவேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்குமாறு ரிலே அமைக்காதவர், விபத்தில் தீயை வரவேற்பவராவார்.

சட்டத்தையும் கருதவேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆதலால் பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்டறிவது நலம். புகைக்கட்டுப்பாட்டையும் தன் பொறுப்பில் கொண்டுள்ள புதிய வண்டியின் கணிப்பொறியை அகற்றலாகாது. இது பழைய வண்டியில் பழகவேண்டிய வித்தை.

எல்லாம் முடிந்தபின்னும் கணிப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சினின் வேகத்துக்குப் பதினாறும் சுமைக்குப் பதினாறுமாக 256 கட்டங்கள் கொண்ட அட்டவணையை நாமே நிரப்பவேண்டும். பெட்ரோலைச் சற்று மிகுதியாகவும் தீப்பொறியைச் சற்றுப் பின்தள்ளியும் தொடங்குவர். பிறகு ஒருவர் வண்டியோட்ட, மற்றொருவர் மடிக்கணினியில் ஆக்ஸிஜன் அளவைக் கவனித்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்துவர். முழுச் சக்தி வேண்டிய கட்டங்களில் காற்று 13 பங்கையொட்டி இருப்பது பாதுகாப்பானது. ஏற்றத்தில் கூழாங்கல் குலுங்குவதுபோல் எஞ்சினிலிருந்து ஒலி எழுந்தால், தீப்பொறி முந்திவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் துளைபடும். உடனே காலை எடுத்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தக் கட்டத்தின் எண்ணை இரண்டு டிகிரி குறைக்கவேண்டும்.