ஊஞ்சலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின் தொடக்கத்தில், எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பதினெட்டுப் பேருடன் ஒரு குழந்தைகள் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத நிலையிலுள்ள அறுபது குழந்தைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுடைய விளையாட்டு இடத்தைச் சீர்படுத்தித் தருவது எங்கள் நோக்கம். கையில் நான்கு டப்பா பெயின்ட், தூரிகைகள், சுவரில் யானையும் கிளியும் வரைவதற்கான மாதிரிப் படங்கள் ஆகியவற்றுடன் உற்சாகமாகப் போய் இறங்கினோம்.

முற்றத்தில் ஓர் இரும்பு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் இருந்தன. ஆனால் ஊஞ்சலின் சங்கிலியைச் சுருட்டி மேலே கட்டிப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அதன் கீழே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இடக்கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தான்.

"இரண்டு வாரத்துக்கு முன்னால் விழுந்துவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அடுத்த வாரம் ஊஞ்சலையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறேன்" என்றார் இல்லத்தின் காப்பாளர் அம்மையார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறுபது பிள்ளைகளுக்கும் பொறுப்பு அவர்தாமே? ஆனால் அந்த அறுபது பிள்ளைகளுக்கும் இருந்த ஊஞ்சல் அது ஒன்றுதான்.

நான் தரையைப் பார்த்தேன். முற்றம் முழுவதும் சிமென்ட். மழைக்காலத்தில் பிள்ளைகள் சேற்றில் மிதிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணம் கொண்ட ஒருவர் தம் செலவில் போட்டுக் கொடுத்தாராம். பெயின்ட் டப்பாக்களைத் திறக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னேன். முதலில் அளவு நாடாவை எடுக்கச் சொன்னேன்.

விழுவது ஆபத்தா, நிற்பது ஆபத்தா?

உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அடியைத் தருவது எது? விழுந்து கொண்டிருக்கும்போது நமக்கு எந்தத் துன்பமும் இல்லை. துன்பம் நிற்கும்போதுதான் வருகிறது!

சறுக்குமரத்தின் மேடை 1.8 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து தவறி விழும் குழந்தை சுமார் 0.6 நொடியில் தரையை அடையும். அப்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். மிதிவண்டியை வேகமாக ஓட்டிச் செல்பவரின் வேகம் அது. குழந்தை சிமென்டில் விழுந்தாலும் மணலில் விழுந்தாலும் தரையைத் தொடும் வேகம் ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது.

உயரத்தில் இருந்தபோது குழந்தைக்கு நிலையாற்றல் இருந்தது. விழும்போது அது இயக்க ஆற்றலாக மாறியது. நிற்க வேண்டுமானால் அந்த ஆற்றல் முழுவதும் செலவாக வேண்டும். செய்யப்படும் வேலை என்பது விசையையும் அது செயல்படும் தொலைவையும் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறீர்கள். தொலைவு குறைந்தால் அதே வேலைக்கு விசை பெருகியே தீர வேண்டும்.

சிமென்ட் சிறிதும் அமுங்காது. உடலின் தசையும் தோலும் அமுங்கும் தொலைவு மட்டுமே மிச்சம். அதை 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 180 சென்டிமீட்டர் விழுந்து 1 சென்டிமீட்டரில் நின்றால், சராசரி விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ 180 மடங்கு! 25 கிலோ எடையுள்ள குழந்தையின் மீது நான்கரை டன் சுமையை ஒரு கணம் வைத்ததற்கு இது ஒப்பாகும். தரையும் சேர்ந்து அமுங்கி நிற்கும் தொலைவு 9 சென்டிமீட்டர் ஆனால், அது 20 மடங்காகக் குறைந்துவிடும். கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக் கொள்வதும் இதற்காகத்தான்.

இது சராசரிக் கணக்கு. உண்மையில் விசை ஒரு கணத்தில் சராசரியையும் தாண்டி உச்சத்துக்குப் போகும். ஆகவே விளையாட்டுத் திடல் தரையைச் சோதிப்பவர்கள், முடுக்கமானி பொருத்திய தலை போன்ற கருவியைத் தரையில் போட்டு அந்த உச்சத்தை அளக்கிறார்கள். அமெரிக்கத் தர விதி ஒன்றின்படி அந்த உச்சம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 200 மடங்கைத் தாண்டக் கூடாது.

குண்டு எறியும் சோதனை

எங்களிடம் அத்தகைய கருவி இல்லை. கல்லூரி விளையாட்டு அறையிலிருந்து 4 கிலோ எறிகுண்டு ஒன்றைக் கொண்டு வந்தோம். இல்லத்தின் பின்புறம், வேப்ப மரத்தருகே, சிமென்ட் போடாத இடம் இருந்தது. பிள்ளைகளைத் தொலைவில் நிறுத்திவிட்டு, 1 மீட்டர் உயரத்திலிருந்து குண்டைக் கை நழுவ விட்டோம். இறுகிய மண்ணில் விழுந்த பள்ளம் 1 சென்டிமீட்டர்கூட இல்லை. கட்டட வேலைக்குக் குவித்து வைத்திருந்த உலர்ந்த மணலில் பள்ளம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். குண்டு ஒன்றே, உயரம் ஒன்றே. தரை மட்டும் வேறு. அம்மையார் இரண்டு பள்ளங்களையும் குனிந்து பார்த்தார். ஊஞ்சலைக் கழற்றும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

சிறுவன் சொன்ன திருத்தம்

ஊஞ்சலைப் பின்புறத்துக்கு மாற்றி, பலகைக்கு நேர் கீழே மூன்று மீட்டர் சதுரத்துக்குப் பள்ளம் தோண்டி நிரப்பலாம் என்று தாளில் வரைந்தோம். மாவுக்கட்டுடன் இருந்த சிறுவன் அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சார், நான் இங்கே விழல. அங்கே விழுந்தேன்."

"அவ்வளவு தூரத்திலா? எப்படி?"

"ஊஞ்சல்ல இருந்து யாரும் விழ மாட்டோம் சார். குதிப்போம்! யார் தூரமாக் குதிக்கிறாங்கன்னு போட்டி."

அவன் காட்டிய இடத்தை அளந்தோம். தூண்களின் வரிசையிலிருந்து சரியாக மூன்று மீட்டர்! பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊஞ்சல் தொங்கும் குழாய் தரையிலிருந்து 2.4 மீட்டர். சங்கிலி 2 மீட்டர். 60 பாகை வரை ஆடும் ஊஞ்சல், முன்புறம் 30 பாகையில் ஏறிக் கொண்டிருக்கும்போது அதன் வேகம் நொடிக்கு 3.8 மீட்டர். அந்தக் கணத்தில் கையை விட்டால் நம் சிறுவன் ஓர் எறிபொருள் ஆகிவிடுகிறான். 0.6 நொடி காற்றில் பறந்து, ஏறக்குறைய மூன்று மீட்டர் தொலைவில் தரை இறங்குவான். எங்கள் படத்தின்படி வேலையை முடித்திருந்தால் அவன் இறங்கும் இடம் மறுபடியும் கட்டாந்தரையாகவே இருந்திருக்கும்!

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேட்டைப் புரட்டினேன். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், தொங்கும் உயரத்தைப் போல் இரு மடங்குத் தொலைவுக்கு மெத்தென்ற தரை வேண்டும் என்கிறது அது. எங்கள் ஊஞ்சலுக்கு அது இரு புறமும் 4.8 மீட்டர். பக்கவாட்டில் 1.8 மீட்டர். குதிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தே அந்த விதியை வகுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்காமல் படம் வரைந்தது என் தவறு.

என்னென்ன மாற்றினோம்?

அதே கையேட்டின்படி, 23 சென்டிமீட்டர் ஆழ மணல் ஏறத்தாழ 1.2 மீட்டர் வீழ்ச்சிக்குத்தான் போதும். அதே ஆழத்துக்கு மரச்சில்லுகள் பரப்பினால் 3 மீட்டர் வரை தாங்கும். ஊஞ்சலுக்கு அது தொங்கும் உயரத்தையே வீழ்ச்சி உயரமாகக் கொள்ள வேண்டும். எனவே சறுக்குமரத்தின் கால்களை வெட்டி மேடையை 1.2 மீட்டருக்குத் தாழ்த்தி மணல் இட்டோம். ஊஞ்சலுக்கு மரச்சில்லுகள். மரம் அறுக்கும் மில் ஒன்றில் சாயமோ மருந்தோ படாத சில்லுகள் கிடைத்தன. பிரிக்காத பெயின்ட் டப்பாக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்த பணம் வண்டி வாடகைக்கு உதவியது. சில்லுகளுக்குள் ஆணி கிடந்தால்? பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, பரப்பிய சில்லுகளின் மேல் இழுத்தோம். பதினொரு ஆணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் பெரிய வேடிக்கை அதுதான்.

ஊஞ்சலின் கனத்த மரப்பலகையையும் மாற்றினோம். 4 கிலோ பலகை 1 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கினால், அடியில் அதன் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். எங்கள் எறிகுண்டு தரையில் மோதிய வேகமும் அதுவே! யாராவது குறுக்கே ஓடி வந்தால் என்ன ஆகும்? பலகைக்குப் பதில் ரப்பர்ப் பட்டையைப் பொருத்தினோம்.

அடுத்தது வெயில். சறுக்குமரத்தின் தகடு மாலையில் மேற்கு வெயிலைப் பார்த்தபடி இருந்தது. வெயிலில் கிடக்கும் தகட்டிலிருந்து வெப்பம் விரைவாகத் தோலுக்குப் பாய்கிறது. அதே வெப்பநிலையில் உள்ள மரம் அவ்வளவு சுடுவதில்லை, ஏனெனில் மரம் அரிதில் கடத்தி. தகட்டை வடக்கு நோக்கித் திருப்பினால் போதுமா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் தமிழகத்தில் சித்திரை மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது எந்தத் திசையும் பயன் தராது. நிழல் ஒன்றே வழி. வேப்ப மரத்தின் கீழ் சறுக்குமரத்தை நிறுத்தினோம்.

கடைசியாக, கம்பிகளின் இடைவெளி. 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்தில் சிறு குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளக்கூடும். அத்தகைய சந்துகள் மேடையின் கைப்பிடியில் இரண்டு இருந்தன. குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்தோம்.

வேலை முடிந்ததா?

பத்து நாள் உழைப்புக்குப் பின் பூட்டைத் திறந்தோம். வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் பணி நிறைவேறிவிட்டது என்று மகிழ்ந்தோம்.

இரண்டு மாதம் கழித்து எறிகுண்டுடன் மீண்டும் போனேன். சறுக்குமரம் முடியும் இடத்தில், அத்தனை பிள்ளைகளும் காலூன்றும் மணலில், பள்ளம் 3 சென்டிமீட்டர்தான் விழுந்தது! மிதிபட்டு, மழையில் நனைந்து, மணல் துகள்கள் நெருங்கி இறுகிவிட்டன. ஊஞ்சலின் கீழே கால் தேய்த்துத் தேய்த்துச் சில்லுகள் விலகிக் குழி விழுந்திருந்தது. பார்வைக்கு எல்லாம் அழகாகவே இருந்தது. அளந்து பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது. பரப்பிய பொருள் கால் பங்காவது அமுங்கும், ஆகையால் 23 சென்டிமீட்டர் வேண்டுமானால் 30 சென்டிமீட்டர் நிரப்புங்கள் என்று கையேடு சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. 30 சென்டிமீட்டர் நிரப்பியிருந்தோம், உண்மைதான். ஆனால் நிரப்பியவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோமே!

சேவை என்பது ஒரு நாள் போய்ச் செய்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதாக இருந்தால், சிமென்ட் போட்டுக் கொடுத்தவருக்கும் நமக்கும் அதிக வேறுபாடு இல்லை. அன்று மாலை இல்லத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, மணல் ஏன் இறுகுகிறது என்று விளக்கினோம். இரண்டு மண்வாரிகளும், 23 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட்ட ஒரு கழியும் கொடுத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளறிவிட்டு, கழியைக் குத்திப் பார்த்து, அளவை நோட்டில் எழுத வேண்டும். கோட்டுக்குக் கீழே வந்தால் ஊஞ்சலுக்கு அன்று விடுமுறை. அம்மையாரும் இதற்கு ஒப்புக்கொண்டார்.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளியிலோ, அருகிலுள்ள பூங்காவிலோ ஊஞ்சலைக் கண்டால் அதன் வண்ணத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பொறுப்பில் உள்ளவரிடம் அனுமதி பெற்று, அது தொங்கும் உயரத்தை அளந்து பாருங்கள். அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது என்று பாருங்கள். அங்கே விளையாடும் சிறுவர்களிடம், எங்கே குதிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அளவுகளை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். ஓர் அளவு நாடாவும் நீங்கள் படித்த இயற்பியலும் இதற்குப் போதும்.

போன மாதம் அந்த இல்லத்துக்குச் சென்றபோது, அளவு நோட்டில் ஒரு சனிக்கிழமைகூட விடுபடவில்லை. கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதே சிறுவன். கை நன்றாகச் சேர்ந்துவிட்டது. "இருபத்தஞ்சு இருக்கு சார், குதிக்கலாம்" என்றான்.