பெரம்பூர் ஆலையும் எட்டுப் பருவங்களும்

1918 தொடக்கத்தில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைக் காந்தி நடத்தினார். அதை மையமாக வைத்து அவருடைய மனத்தை ஆராய்ந்து, எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1969-இல் ஒரு புத்தகம் எழுதினார். மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு.

அதே 1918, ஏப்ரல் 27. வடசென்னைப் பெரம்பூரில், பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா; துணைத்தலைவர்களில் ஒருவர் 34 வயது திரு.வி.க. எரிக்சன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் இன்னொரு புத்தகத்துக்கு விஷயம் சிக்கியிருக்கும்.

பிறப்பு முதல் முதுமை வரை மனிதர் எட்டுப் பருவங்களைக் கடக்கிறார், ஒவ்வொன்றிலும் மனத்துக்குள் ஓர் இழுபறி உண்டு என்பது எரிக்சனின் கணக்கு. கைக்குழந்தைக்கு இந்த உலகத்தை நம்பலாமா என்பதே கேள்வி. நடை பழகியதும் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டுமென்ற பிடிவாதம். பள்ளி வயதில் 'எனக்கும் ஒரு வேலை கைவரும்' என்ற தெம்பு வர வேண்டும். வராவிட்டால் தாழ்வு மனப்பான்மை.

பள்ளி வயதா? 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுப் பிள்ளையையே ஆலைக்குள் அனுமதித்தது. நாளுக்கு 6 மணி நேரம். அந்தப் பிள்ளைக்கு வந்தது தெம்பா, வெறும் அலுப்பா? எரிக்சனின் ஏணி எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே மாதிரி சாய்ந்து நிற்பதில்லை.

'நான் யார்' என்று தேடும் விடலைப் பருவம் கொடுத்துவிட்டுப் போவது பற்றுறுதி என்கிறார் அவர். திரு.வி.க.வுக்கு அது சற்றுத் தாமதமாக, இருபது வயதில் சோதிக்கப்பட்டது. 1904-இல் தமிழாசிரியர் நா.கதிரைவேற்பிள்ளைக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனதில் பள்ளியிறுதித் தேர்வு கைநழுவியது. படிப்பும் அதோடு நின்றது.

நடுவயதின் இழுபறி, அடுத்த தலைமுறையைப் பேணுவதா, தனக்குள்ளேயே தேங்கிப்போவதா என்பது. 1918 முடிவதற்குள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்தார் திரு.வி.க.; மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேணுவதற்கு அவருக்கு வாய்த்தது சங்கம். 1947 ஆலை வேலைநிறுத்தத்தின்போது, 63 வயதில், வீட்டுக்காவலில் வைக்கப்படும் அளவுக்கு அதில் ஊன்றி நின்றார்.

கடைசிப் பருவத்தில், வாழ்ந்ததை ஏற்கும் நிறைவும் கசப்பும் மோதுகின்றன. பார்வை போன பிறகும் திரு.வி.க. பாடல்களைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1953-இல் மறைவதற்குள் வந்த அந்த நூல்களுக்கு அவரே வைத்த பெயர்கள்: 'முதுமை உளறல்', 'படுக்கைப் பிதற்றல்'.