விவிலியத்தில் உள்ளவை அனைத்தும் உண்மையா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்புத் திருப்பலி நிறைவுற்று மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் இளைஞன் ஒருவன் என்னிடம் வந்தான். “சுவாமி, இன்றைய முதலாம் வாசகத்தில் ஆறு நாட்களில் உலகம் படைக்கப்பட்டதாகக் கேட்டோம். பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்று நான் படித்திருக்கிறேன். இரண்டில் எது பொய்?” என்று கேட்டான். அருகில் நின்ற அவனது தந்தையின் முகம் வாடிவிட்டது. “வேதப் புத்தகத்தையே கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாயா? எழுதியிருக்கிறதை அப்படியே நம்பு” என்று மகனைக் கடிந்துகொண்டார்.

தந்தையின் கோபத்துக்குள் இருந்தது அச்சமே. ஒரு கல்லை உருவினால் வீடு முழுவதும் சரிந்துவிடுமோ என்ற அச்சம் அது. மகனின் கேள்வியிலோ நேர்மை இருந்தது. இந்த இரண்டும் நமது குடும்பங்கள் பலவற்றில் உள்ளன. ‘இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்’ என்று அத்தகைய பிள்ளையிடம் நாம் கூறினால், அவன் தன் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆலயத்தை விட்டு ஓசையின்றி வெளியேறிவிடக்கூடும். ஆகவே, விவிலியத்தில் உள்ளவை அனைத்தும் உண்மையா என்ற கேள்விக்குத் திருஅவை அளிக்கும் விடையை நாம் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

கடவுளின் வார்த்தை, மனிதரின் மொழி

‘ஆம், உண்மை’ என்பதே திருஅவையின் விடை. ஆயினும், எத்தகைய உண்மை என்பதையும் அது சேர்த்தே கூறுகின்றது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, விவிலியத்தின் ஆசிரியர் கடவுளே என்று போதிக்கின்றது. அதே வேளையில், அதனை எழுதிய மனிதர்களும் உண்மையான ஆசிரியர்களே என்கின்றது. கடவுள் சொல்லச் சொல்ல எழுதிய எழுதுவினைஞர்கள் அல்லர் அவர்கள். தத்தம் மொழியையும், தம் காலத்து அறிவையும், தமக்கே உரிய நடையையும் கொண்டே எழுதினார்கள். நமது மீட்புக்காகக் கடவுள் எழுதப்பட விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிப் போதிக்கின்றது என்பதே சங்கத்தின் படிப்பினை.

‘நமது மீட்புக்காக’ என்பதே இங்கு திறவுகோல். வாக்கானவர் நமது பலவீனமான மனித உடலை ஏற்றுக்கொண்டது போன்று, இறைவார்த்தையும் மனித மொழியின் எல்லைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. இந்தத் தாழ்மையை ஒரு குறையாகக் கருதலாகாது. அது நம்மைத் தேடி வந்த அன்பின் அடையாளம்.

1943ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கண்டறிய வேண்டும் என்று அறிஞர்களை வலியுறுத்தினார். இலக்கிய வகை என்பது கடினமான விடயம் அன்று. நீங்கள் கையில் வைத்திருக்கும் நாளிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செய்தி உண்டு, மரண அறிவித்தல் உண்டு, கவிதை உண்டு, கேலிச்சித்திரமும் உண்டு. கேலிச்சித்திரத்தைப் பார்த்து எவரும் ‘இது பொய்ச் செய்தி’ என்று வழக்குத் தொடுப்பதில்லை. கவிதையை ஒருவிதமாகவும் செய்தியை வேறுவிதமாகவும் நாம் இயல்பாகவே வாசிக்கின்றோம். விவிலியமும் ஒரே நூல் அன்று; அது 73 நூல்களின் தொகுப்பு. வரலாறு, சட்டம், பாடல், பழமொழி, இறைவாக்கு, உவமை, மடல் என்பன அதில் அடங்கியுள்ளன. நல்ல சமாரியரின் உவமையில் வரும் சத்திரக்காரரின் பெயர் என்ன என்று நாம் தேடுவதில்லை. அந்த உவமை உண்மையன்று என்று கூறுவதும் இல்லை.

திருஅவை கற்றுக்கொண்ட பாடம்

இவ்வேறுபாட்டை மறந்தால் நேரும் இழப்பைத் திருஅவை தன் சொந்த வரலாற்றிலேயே அறிந்துள்ளது. யோசுவா நூலின் 10ஆம் அதிகாரத்தில், போர் முடியும்வரை கதிரவன் நின்றதாக வாசிக்கின்றோம். கதிரவன் நின்றது என்றால் அது அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனவே பூமிதான் சுழல்கின்றது என்று கூறுவது இறைவார்த்தைக்கு முரணானது என்று அன்றைய இறையியலாளர் பலர் வாதிட்டனர். கலிலேயோ 1615ஆம் ஆண்டில் எழுதிய மடல் ஒன்றில் இதற்கு மறுமொழி கூறினார். விண்ணகம் செல்லும் வழியைக் கற்பிப்பதே தூய ஆவியின் நோக்கம். விண்கோள்கள் செல்லும் வழியைக் கற்பிப்பது அன்று என்னும் கருத்தை, திருஅவையின் உயர்நிலையில் இருந்த ஒருவரின் கூற்றாகவே அவர் அம்மடலில் எடுத்துக்காட்டினார். ஆயினும் 1633ஆம் ஆண்டில் அவர் தண்டிக்கப்பட்டார். 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அக்காலத்து இறையியலாளர்கள் விவிலிய வாசகத்தின் எழுத்தையும் அதன் பொருளையும் வேறுபடுத்தத் தவறினர் என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இன்றும் நாம் ‘சூரியன் உதிக்கிறது’ என்றே கூறுகின்றோம். நாட்காட்டியிலும் சூரிய உதயம் என்றே அச்சிடுகின்றோம். அது பொய்யன்று, கண்ணால் கண்டதைக் கண்டவாறு கூறும் மொழி. யோசுவா நூலின் ஆசிரியரும் அவ்வாறே பேசினார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகுஸ்தீனார் இதுகுறித்து எச்சரித்திருந்தார். இயற்கையைப் பற்றிக் கற்றவர்கள் நன்கறிந்த விடயங்களில், கிறிஸ்தவன் ஒருவன் விவிலியத்தின் பெயரால் அறியாமையைப் பேசினால், உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் பற்றி அதே நூல் கூறுவதை அவர்கள் எவ்வாறு நம்புவார்கள் என்று அவர் கேட்டார். பேரண்டம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931ஆம் ஆண்டில் முன்வைத்தவர் ஜோர்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்கலாகாது.

ஆறு நாட்கள் கூறுவது என்ன?

தொடக்கநூலின் முதல் இரு அதிகாரங்களையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் மரங்களும் விலங்குகளும் தோன்றிய பின்னரே மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முதலில் உருவாக்கப்படுகின்றான். அதன் பின்னரே மரங்களும் விலங்குகளும் வருகின்றன. இவ்விரண்டையும் இணைத்தவர்களுக்கு இவ்வேறுபாடு தெரியாமலா போயிருக்கும்? கால வரிசையைக் கற்பிப்பது அவர்களது நோக்கம் அன்று என்பதையே இது உணர்த்துகின்றது.

முதல் அதிகாரம் இன்றைய வடிவத்தைப் பெற்றது பாபிலோனிய அடிமைத்தனக் காலத்தை ஒட்டியே என்பது அறிஞர் பலரின் கருத்து. நாட்டையும் ஆலயத்தையும் இழந்து, அந்நிய மண்ணில் வாழ்ந்த மக்கள் அவர்கள். இடம்பெயர்வின் வேதனையை அறிந்த நமக்கு அவர்களது நிலை எளிதில் புரியும். அவர்களைச் சூழ்ந்திருந்தோர் கதிரவனையும் நிலாவையும் தெய்வங்களாக வணங்கினர். தேவர்களுக்கு ஊழியம் புரிவதற்காக, கொல்லப்பட்ட தேவன் ஒருவனின் குருதியிலிருந்து மனிதர் உருவாக்கப்பட்டதாகப் பாபிலோனியக் கதை கூறியது. அதற்கு எதிராக எழுந்த நம்பிக்கை அறிக்கையே தொடக்கநூலின் முதல் அதிகாரம். கதிரவனையும் நிலாவையும் பெயர் சொல்லிக்கூட அழைக்காது, கடவுள் ஏற்றிவைத்த இரு விளக்குகளாகவே அது காட்டுகின்றது. மனிதர் அடிமைகள் அல்லர், கடவுளின் சாயல் என்கின்றது. குழப்பமும் இருளும் இறுதி ஆற்றல் அல்ல, கடவுளே ஆண்டவர் என்கின்றது. இது 450 கோடி ஆண்டுகளோடு மோதும் செய்தி அன்று. எந்த அறிவியல் கருவியாலும் அளக்க முடியாத, ஆனால் அது இன்றி மனிதர் வாழ முடியாத உண்மை.

நோவாவின் வெள்ளமும் நமது கடலும்

எழுத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் வாசிப்பு மனிதரைக் காயப்படுத்தவும் கூடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிறு காலையில், நமது கரையோரங்களைக் கடல் விழுங்கியது. அதன் பின்னர், பிள்ளைகள் இருவரை இழந்த தாய் ஒருவரிடம், விவிலியத்தைக் கையில் ஏந்திய ஒருவர் சென்று, நோவா காலத்து வெள்ளத்தைப் போன்று இதுவும் பாவத்துக்கான தண்டனையே என்று கூறியிருந்தார். “அந்தப் பிஞ்சுகள் என்ன பாவம் செய்ததுகள், சுவாமி?” என்று அத்தாய் என்னிடம் கேட்டார்.

அந்த மனிதர் காட்டிய பக்கம் விவிலியத்தில் உள்ளதுதான். ஆனால், அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. வெள்ளத்தின் கதை, இனி ஒருபோதும் இவ்வாறு அழிப்பதில்லை என்று கடவுள் வில்லை மேகத்தில் வைத்து உறுதிமொழி அளிப்பதோடுதான் நிறைவடைகின்றது. சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் ஏனையோரைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் இயேசுவே தெளிவுபடுத்தினார் (லூக்கா 13:4-5). ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுத்து அதைக் கொண்டு துயருற்றவரைத் தாக்குவது விவிலியத்தை நம்புவதாகாது. விவிலியம் முழுவதையும் கிறிஸ்துவின் ஒளியில் வாசிப்பதே அதனை நம்புவதாகும். பகைவரை அழித்தொழிக்குமாறு கூறும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தையே தாண்டிச் செல்லுமாறு மலைப்பொழிவில் போதித்தவர் நம் ஆண்டவர். பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் தற்காலிகமானவையும் உள்ளன என்று வத்திக்கான் சங்கமும் ஏற்றுக்கொள்கின்றது. கடவுள் தம் மக்களைப் படிப்படியாகவே வளர்த்தெடுத்தார்.

அப்படியானால் எல்லாம் உவமைதானா?

இல்லை. மறுகோடிக்கு ஓடுவதும் தவறே. சிலவற்றை நடந்த நிகழ்வுகளாகவே விவிலியம் சாட்சியம் கூறுகின்றது. கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்தவற்றைக் கவனமாக ஆராய்ந்து எழுதுவதாக லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகின்றார். உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களைப் பட்டியலிடும் பவுல் அடியார், அவர்களுள் ஐந்நூறுக்கு மேற்பட்டோரில் பலர் தாம் எழுதும் காலத்தில் உயிரோடு இருப்பதாகக் கூறுகின்றார். கிறிஸ்து உயிர்த்தெழவில்லையெனில் நமது நம்பிக்கை வெறுமையானது என்பதே அவரது வாதம் (1 கொரிந்தியர் 15). கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர், அங்கே தோன்றிய தூதர் ஒருவரா இருவரா என்பதில் நற்செய்திகள் வேறுபடுகின்றன. ஆனால் கல்லறை வெறுமையாய் இருந்தது, ஆண்டவர் உயிருடன் இருக்கின்றார் என்பதில் நான்கும் ஒன்றுபடுகின்றன. உண்மையான சாட்சிகள் ஒரே பாடத்தை மனனம் செய்து ஒப்புவிப்பவர்கள் அல்லர்.

குடும்பமாக வாசிக்கும்போது

எனவே, வீட்டில் விவிலியத்தைத் திறக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்த ஆசிரியர் யாருக்கு, எந்த நிலையில், எந்த நடையில் எழுதினார்? கடவுள் இதன் வழியாக நமது மீட்புக்காக என்ன கூறுகின்றார்? இது இயேசுவின் வாழ்விலும் போதனையிலும் எவ்வாறு நிறைவு பெறுகின்றது? ஒவ்வொரு நூலுக்கும் திருவிவிலியத்தில் தரப்பட்டுள்ள முன்னுரையை முதலில் வாசியுங்கள். ஐயம் எழுந்தால் பங்குத்தந்தையிடமோ மறையாசிரியரிடமோ கேளுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். கேள்வி நம்பிக்கையின் பகைவன் அன்று. அன்னை மரியாவும் வானதூதரிடம் ‘எப்படி?’ என்று கேட்ட பின்னரே தம்மைக் கையளித்தார்.

அன்றிரவு நான் தந்தையையும் மகனையும் ஆலயப் படியில் அமர்த்தி, தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை மகனின் கையில் கொடுத்தேன். கடவுள் தாம் படைத்ததை நல்லதெனக் கண்டதாக எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். “ஏழு முறை, சுவாமி” என்றான் அவன். “உன் பாடநூலில் அது எங்கே இருக்கின்றது?” என்று கேட்டேன். அவன் சிரித்தான், அவனது தந்தையும் சிரித்தார்.

பூமியின் வயதை அவன் தன் பாடநூலிலிருந்தே கற்கட்டும். அது நல்லது என்பதையும், அதில் தான் கடவுளின் சாயலாக அன்பு செய்யப்படுகின்றான் என்பதையும் இறைவார்த்தையிலிருந்து கற்கட்டும். அந்த உண்மையை நம் பிள்ளைகளுக்குக் கையளிக்கும் ஞானத்தைத் தூய ஆவியார் நமக்கு அருள்வாராக!